‘அவுட் ஃபார் டெலிவரி’ன்னா இன்னைக்கே வரும்னு யாரு சொன்னா?

போன இதழ்ல “கூரியர், பார்சல் பத்தி கேக்கணும்னா எழுதுங்க”ன்னு ஒத்த வரிதான் போட்டோம், அவ்வளவுதான், வாசகர்கள் வயித்தெரிச்சல் எல்லாம் வந்து கொட்டிடுச்சு. பதினோரு வருஷம் திருநெல்வேலில ஒரு கூரியர் கிளையில பார்சல் பிரிச்சுப் போட்டுட்டு இருந்த நம்ம அண்ணாச்சிகிட்டயே எல்லாத்தையும் கொடுத்துட்டோம். இனி அவர் பாடு.

அண்ணாச்சி, மிக்சி ஜார் ஆர்டர் போட்டேன். மூணு நாளா காலைல ‘அவுட் ஃபார் டெலிவரி’ன்னு மெசேஜ் வருது, ராத்திரி ஆனா ‘நாளைக்கு வரும்’னு மாறிடுது. சட்னி அரைக்க பக்கத்து வீட்டுக்குப் போய் போய் அவங்க முகமே மாறிடுச்சு. அந்த மெசேஜுக்கு என்னதான் அர்த்தம்?
- சட்னிக்கு வழியில்லாதவர், திருப்பூர்

தாயி, அந்த மெசேஜுக்கு அர்த்தம் “உங்க ஜார் ஒரு பையன் பேர்ல எழுதப்பட்டிருக்கு”ங்கறது மட்டும்தான். காலைல கிளைக்கு வண்டி வந்ததும் மூட்டையப் பிரிச்சு, ஏரியா ஏரியாவா ஒதுக்கி, ஒவ்வொரு பார்சலையும் ஒரு டெலிவரி பையன் பேர்ல ஸ்கேன் பண்ணுவாங்க, அந்த ‘பீப்’ சத்தம் வந்த நிமிஷம் உங்களுக்கு மெசேஜ் வந்துடும். பார்சல் இன்னும் தரையிலதான் கிடக்கும். அப்புறம் பையன் பைல அடுக்குவான், சின்னது முதல்ல போகும், பெரிய டப்பாவா இருந்தா “சாயங்காலம் பாப்போம்”னு ஓரமா வைப்பான், சாயங்காலம் மழை வரும் இல்ல பெட்ரோல் தீரும், ராத்திரி திருப்பி உள்ள ஸ்கேன், மறுநாள் காலைல மறுபடி ‘பீப்’. மூணு நாளா நடக்குறது இதுதான்.

ட்ராக்கிங்ங்கறத எல்லாரும் பார்சல் கூடவே நடந்து வர்ற ஆள்னு நெனச்சுக்கிறாங்க. அது செக்போஸ்ட்ல உக்காந்து நோட்டுல எழுதுற ஆளு. இந்த இடத்துல கடைசியா ஸ்கேன் ஆச்சுன்னு சொல்லும், இப்ப எங்க இருக்குன்னு அதுக்கே தெரியாது. அதுலயும் ஒரு கூத்து இருக்கு. வழியில பார்சல ஒண்ணொண்ணா ஸ்கேன் பண்ண மாட்டாங்க, நூறு பார்சல ஒரு சாக்குல போட்டு கட்டி சாக்குக்கு ஒரு நம்பர் ஒட்டிடுவாங்க. அப்புறம் அந்த சாக்க ஸ்கேன் பண்ணினா உள்ள இருக்கிற நூறும் வந்துட்டதா கம்ப்யூட்டர் எழுதிக்கும். உங்க பார்சல் சாக்குல ஏறவே இல்லாம பழைய ஊர்ல மேசைக்கு அடியில கிடந்தாலும் ‘உங்க ஊருக்கு வந்துவிட்டது’ன்னுதான் காட்டும். கிளைக்குப் போய் கேட்டா “வரலையே”ம்பாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல.

ரெண்டு நாள் தாண்டிடுச்சுன்னா கஸ்டமர் கேர்ல பாட்டு கேட்டுட்டு இருக்காதீங்க. காலைல பசங்க வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு எட்டு மணி வாக்குல, கிளைக்கே ஆர்டர் மெசேஜும் அடையாள அட்டையும் எடுத்துட்டுப் போங்க, பெரும்பாலும் கையிலயே கொடுத்துடுவாங்க. பத்து மணிக்குப் போனா உங்க ஜார் மறுபடி ஊர் சுத்தப் போயிருக்கும்.

மதுரைல இருந்து வர்ற பார்சல் சங்கரன்கோவிலுக்கு வராம திருநெல்வேலி போய் திரும்பி வருது. ராஜபாளையம் வழியா வந்தா நேரா எங்க ஊர்தானே? மூளை இருக்கிறவன் செய்யிற வேலையா இது?
- கோமதியம்மன் கோவில் தெருவாசி, சங்கரன்கோவில்

நம்ம ஊர்க்காரரு கேக்குறாரு, கோவம் நியாயம். ஆனா பார்சல் மேப்ப பாத்து போகாது, பின்கோட பாத்து போகும். 1972 ஆகஸ்ட் 15-ல கொண்டு வந்தது அந்த ஆறு இலக்கம். முதல் இலக்கம் 6-னா தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் மூணும் சேர்ந்து தபால் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூணு உங்க போஸ்ட் ஆபீஸ். ராஜபாளையம் 626, அது விருதுநகர் கணக்கு. உங்களுது 627, அது திருநெல்வேலி கணக்கு. 2019-ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சே, பின்கோடு மாறிச்சா? இல்லயே. தனியார் கூரியர்காரங்களும் பாதி இந்தக் கணக்கையே பிடிச்சுக்கிட்டாங்க. அதனால 627-னு பாத்ததும் திருநெல்வேலி சாக்குல விழும், நாலு வழிச்சாலைல நேரா நெல்லைக்குப் போகும், அங்க பிரிச்சு அம்பது கிலோமீட்டருக்கு மேல வடக்க திரும்பி உங்ககிட்ட வரும். உங்க ஒரு பார்சலுக்காக மதுரைல இருந்து தனி வண்டி விட்டா டீசல் காசுக்கே கட்டாது, எல்லாத்தையும் ஒரு பெரிய இடத்துல கொட்டி அங்க இருந்து பிரிச்சாதான் கட்டும். முட்டாள்தனமா தெரியும், கணக்கு அப்படித்தான் வருது.

பின்கோட்ல ஒரு இலக்கம் தப்பா அடிச்சீங்கன்னா மட்டும் அவ்வளவுதான், ஊர் பேரு எவ்வளவு பெருசா எழுதியிருந்தாலும் அது அந்த நம்பர் ஊருக்குப் போய்ட்டுத்தான் வரும்.

ட்ராக்கிங் நம்பர் போட்டா “தகவல் இல்லை”ன்னு வருது. ஏமாத்திட்டாங்களா?
- பயந்துபோனவர், நாமக்கல்

பாதி நேரம் ஏமாத்து இல்ல, சோம்பேறித்தனம். கடைக்காரர் லேபிள் மட்டும் பிரிண்ட் எடுத்து “அனுப்பிட்டோம்”னு மெசேஜ் தட்டிடுவாரு, சரக்கு இன்னும் குடோன்லதான். ரெண்டு நாள் பாருங்க. ஸ்பீடு போஸ்ட்டா இருந்தா நம்பர சரியா அடிச்சீங்களான்னும் பாருங்க. மொத்தம் பதிமூணு, முன்னாடி ரெண்டு ஆங்கில எழுத்து, நடுவுல ஒன்பது இலக்கம், கடைசில இந்தியாவுக்கான ரெண்டு எழுத்து. உலகம் பூரா தபால்துறைக்கு ஒரே முறைதான். அந்த ஒன்பதுல கடைசி இலக்கம் இருக்கே, அது முன்னாடி இருக்கிற எட்டையும் வச்சு கணக்குப் போட்டு எடுத்தது, நடுவுல ஒண்ண மாத்தி அடிச்சா பெரும்பாலும் மெஷின் கண்டுபிடிச்சிடும். பூஜ்யத்துக்கு பதிலா ஓ அடிச்சவங்க எத்தனையோ பேரு என்கிட்ட சண்டைக்கு வந்திருக்காங்க.

வீட்டு திண்ணையில உக்காந்து தெருவையே பாத்துட்டு இருக்கேன், ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ன்னு மெசேஜ் வருது! யாருய்யா வந்தா?
- உயிரோட இருப்பவர், கும்பகோணம்

யாரும் வரல ஐயா. ராத்திரிக்குள்ள பையன் கையில இருக்கிற ஒவ்வொரு பார்சலுக்கும் ஏதாவது ஒரு காரணம் ஆப்புல போட்டாத்தான் அவனால கணக்கு முடிக்க முடியும். “எனக்கு நேரம் பத்தல”ன்னு ஒரு பட்டன் அதுல கிடையாது. வீடு பூட்டியிருக்கு, ஆள் இல்லை, அட்ரஸ் கிடைக்கல, வேண்டாம்னுட்டாங்க, இவ்வளவுதான் இருக்கும். அதுல எது சுலபமோ அத அமுக்கிட்டு வீட்டுக்குப் போறான். நான் பசங்கள திட்டியிருக்கேன், திட்டினதுக்கு அப்புறம் நானே அமுக்கியும் இருக்கேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

ஆனா இத சும்மா விடாதீங்க, பல இடத்துல மூணு தடவ இப்படி ஆச்சுன்னா பார்சல் அனுப்பினவங்களுக்கே திரும்பிடும். அன்னைக்கே ஆப்புல “யாரும் வரவில்லை, போனும் வரவில்லை”ன்னு எழுதிப் போடுங்க, போன்ல கால் லிஸ்ட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. இன்னொண்ணு, யாராவது போன்ல ஓடிபி கேட்டா மெசேஜ முழுசா படிச்சிட்டு சொல்லுங்க. டெலிவரிக்கும் ஓடிபி வரும், கேன்சல் பண்றதுக்கும் ஓடிபி வரும்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெஃப்ரெஷ் பண்ணா சீக்கிரம் வருமா?
- கல்லூரி மாணவி, கோவை

பேட்டரிதான் சீக்கிரம் போகும்.

‘டெலிவர்டு’ன்னு காட்டுது, பொருள் வரல. போன் பண்ணா “சார் சிஸ்டம்ல கொடுத்ததா இருக்கே”ங்கறாங்க. 4,000 ரூபாய் போச்சா?
- வாசகர், வேலூர்

போகல, ஆனா கொஞ்சம் அலையணும். மொதல்ல வீட்ல, பக்கத்து வீட்ல, செக்யூரிட்டிகிட்ட கேளுங்க, சிரிக்காதீங்க, நான் பாத்ததுல நிறைய பார்சல் மாமியார் பீரோல இருந்துச்சு. அப்பவும் இல்லன்னா யார்கிட்ட கொடுத்தாங்க, கையெழுத்து, போட்டோ, ஓடிபி என்ன ஆதாரம்னு எழுத்துல கேளுங்க, போன்ல பேசறதுக்கு சாட்சி கிடையாது. நீங்க காசு கொடுத்தது கடைக்கு, கூரியருக்கு இல்ல. அதனால “கூரியர்கிட்ட கேளுங்க”ன்னு கடை தள்ளிவிட்டா ஒத்துக்காதீங்க. 2020-ல வந்த மின் வணிக விதிப்படி கடைக்குன்னு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்கணும், 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். அவரு பேரு ஆப்புல அடியில எறும்பு சைஸ்ல இருக்கும், தேடுங்க. அசையலன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்துக்கு அப்புறம் நீங்க இருக்கிற ஊர்லயே வழக்கு போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருக்கேன்னு அங்க போக வேண்டியதில்ல, 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது.

நீங்களே அனுப்புற பொருளுக்கு இது வேற கதை. ஸ்பீடு போஸ்ட்ல தொலைஞ்சா கட்டின கட்டணத்துல ரெண்டு மடங்கு இல்ல 1,000 ரூபாய், இதுல எது கம்மியோ அதுதான் தருவாங்க. பட்டுப்புடவைய 80 ரூபாய் கட்டி அனுப்பி தொலைஞ்சா கையில 160 ரூபாய். விலை ஒசந்ததுன்னா இன்சூர் பண்ணிட்டு அனுப்புங்க, கவுன்டர்ல நீங்களா கேட்டாத்தான் சொல்லுவாங்க.

எங்கம்மா கோவில்பட்டில ஆம்னி பஸ்ல முறுக்கு டின் போட்டு விடுவாங்க, மறுநாள் காலைல கிளாம்பாக்கத்துல வாங்கிடுவேன். ஆப் இல்ல, நம்பர் இல்ல. இவ்வளவு டெக்னாலஜி இருந்தும் கூரியர் மட்டும் ஏன் நாலு நாள்?
- முறுக்குப் பிரியர், சென்னை

கை மாறல, அதான் விஷயம். ஒரே வண்டி, ஒரே டிரைவரு, டிக்கில ஏறினது டிக்கில இருந்தே இறங்குது, உங்கம்மா வண்டி நம்பரும் டிரைவர் போன் நம்பரும் சொல்லிட்டாங்கல்ல, அதுதான் ட்ராக்கிங், “அண்ணே எங்க வர்றீங்க”ன்னா “விக்கிரவாண்டி டோல்கேட்”னு பதில் வருது. கூரியர்ல அதே டின் அஞ்சாறு கை மாறும், ஒவ்வொரு கையிலயும் அரை நாள் உக்காரும். ஆனா முறுக்கு நொறுங்கினாலோ டின் காணாமப் போனாலோ கேக்க ஒரு சீட்டு கூட கிடையாது, அதயும் சொல்லணும். முறுக்குன்னா சரி, லேப்டாப்ப அப்படி அனுப்பிடாதீங்க.

“உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி சரியில்லை, 12 மணி நேரத்தில் இந்த லிங்க்கில் சரிசெய்யவும்”னு தபால்துறை பேர்ல மெசேஜ். 25 ரூபாய்தானே, கட்டிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

டீச்சரம்மா, தொடாதீங்க! தபால்துறை அப்படி மெசேஜ் அனுப்புறதே இல்ல, இது பொய்னு மத்திய அரசே சொல்லியாச்சு. அந்த 25 ரூபாய் அவனுக்கு எதுக்கு, கட்டும்போது நீங்க அடிக்கிற கார்டு நம்பர்தான் வேணும். எல்லாரும் எதாவது ஒரு பார்சலுக்கு காத்துட்டே இருக்கோம்ல, அத வச்சு விளையாடுறான். இன்னொரு ரகம், டெலிவரி பையன் மாதிரி பேசி “மேடம் ஸ்டார் 21 ஸ்டார்னு ஆரம்பிச்சு இந்த நம்பர டயல் பண்ணுங்க”ம்பான், பண்ணினா உங்களுக்கு வர்ற கால் எல்லாம் அவனுக்குத் திரும்பிடும், கால்ல சொல்ற பேங்க் ஓடிபி உட்பட. தெரியாம பண்ணிட்டா உடனே ##002# அடிங்க, எல்லா திருப்பலும் ரத்தாகிடும். காசு போயிருந்தா தாமதிக்காம 1930-க்கு போடுங்க, அது சைபர் மோசடி உதவி எண்.

அண்ணாச்சி, நான் டெலிவரி பண்றவன். எல்லாரும் எங்கள திட்டுறாங்க. “மாரியம்மன் கோவில் பக்கம், மாடி வீடு”ன்னு மட்டும் போட்டிருந்தா நான் எந்த மாடில ஏறுவேன்? போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறாங்க, தெரியாத நம்பராம்.
- பெயர் வேண்டாம், மதுரை

தம்பி, இதுக்கு முன்னாடி உங்க ஆளுங்கள நாலு போடு போட்டேன், இதையும் எழுதிடுறேன். ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் பல பேருக்கு கூலி, வீடு தேடி இருபது நிமிஷம் சுத்தினா அது உன் பெட்ரோல். தபால்துறை 2025-ல டிஜிபின்னு ஒண்ணு விட்டிருக்கு, நாடு பூரா நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டம் போட்டு ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்து அடையாளம், உன் வாசப்படிக்கே ஒரு நம்பர். நல்ல ஏற்பாடு, ஆனா இதுவரைக்கும் ஒருத்தர் கூட என்கிட்ட அத சொல்லி அட்ரஸ் கேட்டதில்ல. அது வர்ற வரைக்கும் படிக்கிறவங்க கதவு நம்பரு, தெரு, பின்கோடு, எடுக்கிற போன் நம்பரு இத மட்டும் சரியா போடுங்கப்பா.

இத எழுதிட்டு என் அட்ரஸ எடுத்துப் பாத்தேன், ‘தண்ணி டேங்க் எதிரில்’னு இருக்கு. டேங்க்க இடிச்சு நாலு வருஷம் ஆச்சு.