தலையில் மாட்டும் விஆர் ஹெட்செட் இல்லாமல் அறையையே கேம் திரையாக மாற்ற முடியுமா?

முடியும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு 2014இல் காட்டிய ரூம்அலைவ் இதற்கு நல்ல உதாரணம். 2013இல் அவர்கள் காட்டிய இல்லூமிரூம் டிவியைச் சுற்றிய பகுதியில் மட்டும் படம் வீசியது; ரூம்அலைவ் அறை முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆறு புரொஜெக்டர்கள், ஒவ்வொன்றோடும் ஒரு கினெக்ட் (படத்தோடு தூரத்தையும் அளக்கும் மைக்ரோசாஃப்ட் கேமரா).

முதலில் புரொஜெக்டர்கள் கோடு கோடாக ஒளி வீசும். அந்தக் கோடுகள் எங்கெங்கே விழுகின்றன என்பதைக் கேமராக்கள் பார்த்து, ஒவ்வொரு புரொஜெக்டரும் அறையில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கணக்கிடும்; சோபா, சுவர் மூலை என்று அறையின் வடிவத்தைக் கினெக்டின் தூர உணரி அளந்துகொள்ளும். அப்புறம் அந்த வடிவத்துக்கேற்பப் படம் விழும். உதாரணமாக ஒரு விளையாட்டில், சுவரில் தலைநீட்டும் அகழெலியைக் கையால் அடிக்கலாம், தரையில் வந்தால் மிதிக்கலாம்.

வெளிச்சமான அறையில் படம் மங்கிவிடும், அது பெரிய குறைதான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தபடியே விளையாடலாமே, எனக்கு அதுதான் பிடித்தது.