மணி வேண்டாம், வரிசை போதும்: காலை நேரம் பற்றிக் கேள்வி பதில்

மந்தைவெளியிலிருந்து எழுதுகிறேன். 31 வருடம் நர்ஸ் வேலை, அதில் கடைசி ஏழு வருடம் தூக்கக் கோளாறு பிரிவில். காலை, மதியம், இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்ததால் தினமும் ஒரே மணிக்கு எழுகிற வாழ்க்கை எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் எழுந்ததும் செய்கிற மூன்று காரியம் எந்த ஷிஃப்டிலும் மாறியதில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர். ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுவது. டிகாஷன் இறங்கும்வரை பால்கனியில் நிற்பது. போன வாரம் இதைச் சொன்ன பிறகு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்தை மாற்றுவதும் என் வேலை இல்லை. மற்றதைப் பேசலாம்.

கேள்வி (அம்பத்தூர், 29 வயது): 5 மணிக்கு எழுந்து தியானம், ஓட்டம், டைரி, பச்சைத் தண்ணீர்க் குளியல் என்று அட்டவணை போட்டேன். பத்துப் பதினொரு நாள் ஓடும். ஒரு நாள் தவறினால் அதோடு மூன்று வாரம் எதுவுமே நடக்காது. எனக்கு மன உறுதி இல்லையா அக்கா?

உறுதிக்குக் குறைவே இல்லை தம்பி. விடாமல் திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறீர்களே. கோளாறு அட்டவணையில் இருக்கிறது. முதல் படி 5 மணி என்று வைத்துவிட்டால், 5.40க்கு எழுந்த அன்று மற்ற நாலும் சேர்ந்து சரிகிறது.

மணியை விட்டுவிட்டு வரிசையைப் பிடியுங்கள். எழுந்தால் தண்ணீர், தண்ணீர் குடித்தால் மொட்டை மாடி, மாடியிலிருந்து இறங்கினால் குளியல். 5 மணிக்கு எழுந்தாலும் இதுதான், 8 மணிக்கு எழுந்தாலும் இதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வடிவமும் இருக்க வேண்டும். ஓட முடிந்த நாளில் ஓடுங்கள், முடியாத நாளில் மாடியில் நாலு சுற்று நடங்கள். காய்ச்சல் நாளில் ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் நின்றாலே அன்றைய கணக்கு முடிந்தது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது 1960-இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழக ஆன நாட்களைப் பார்த்துச் சொன்னதிலிருந்து பரவியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. உங்களுக்கு வேண்டிய செய்தி அதே ஆய்வில் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை. அந்த ஒரு நாளுக்கு நீங்கள் மூன்று வார தண்டனை கொடுத்துக்கொள்கிறீர்கள்.

அப்புறம், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே. அடுத்த முறை அதை முதலில் எழுதுங்கள்.

கேள்வி (நங்கநல்லூர்): பிரம்ம முகூர்த்தம் என்பது 4.30 மணி. அதைத் தவறவிட்டால் என்ன செய்தும் பலன் இல்லை என்கிறார்களே அம்மா?

பிரம்ம முகூர்த்தம் கடிகாரத்தில் நிற்பதில்லை, சூரியனோடு நகர்கிறது. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால், அதாவது 96 நிமிடம் முன்னால் தொடங்கி, 48 நிமிடம் முன்னால் முடியும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.42 வாக்கில் உதிக்கிறது, ஜனவரிக் கடைசியில் 6.35 தாண்டி. ஜூனில் 4.06 வாக்கில் தொடங்குவது, ஜனவரியில் 5 மணிக்குத்தான் தொடங்கும். வருடம் முழுக்க 4.30 என்று அலாரம் வைத்தால் தை மாதத்தில் நீங்கள் அரை மணி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். விடியும் முன் எழு, குளி, பாடு என்று ஊரையே எழுப்பிய மாதம் மார்கழி. திருப்பாவை 30 பாசுரம், நாளுக்கு ஒன்று. மயிலாப்பூர் மாட வீதியில் பாபநாசம் சிவன் பஜனை நடத்தியதும் மார்கழியில்தான். அந்தக் கடுமைக்கு ஒரு மாதம் என்று எல்லை இருந்தது, 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு நெய் வழிய அக்காரவடிசிலும் இருந்தது. இரவு 9 மணிக்குப் படுக்கிறவர்களுக்கு 4.30 எளிது. 11.30க்குப் படுத்து 4.30க்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

கேள்வி (போரூர்): எழுந்ததும் போன் பார்ப்பது தவறா?

மூன்று காரியமும் முடிந்த பிறகு பாருங்கள்.

கேள்வி (பெரம்பூர், 51 வயது, பெண்): காபி இல்லாமல் கண்ணே திறக்காது. வெறும் வயிற்றில் காபி கூடாது என்று மகள் பிடுங்கி வைக்கிறாள். என்ன செய்ய? தைராய்டு மாத்திரையும் போடுகிறேன்.

காபியைப் பற்றிக் கேட்டீர்கள், ஆனால் கடைசி வரிதான் முக்கியம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காபி அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதற்கு நாலு மணி நேரம் இடைவெளி. இதைச் சொல்லாமல் பலருக்குச் சீட்டு மட்டும் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

காபியை நான் விடச் சொல்லமாட்டேன். எரிச்சல், புளித்த ஏப்பம் இல்லையென்றால் குடியுங்கள். எனக்கு அந்த டம்ளரைவிட அதற்கு முந்தின கால் மணி நேரம்தான் பெரிது. மேல் அடுக்கில் மூன்று கரண்டி பொடி, குடையால் லேசாக ஒரு அழுத்து, கொதித்த நீர், மூடி. அடியில் முதல் சொட்டு விழுகிற சத்தம் கேட்டதும் பால்கனிக்கு வந்துவிடுவேன். எதிர் வீட்டு முருங்கைப் பக்கம் செம்போத்து ஒன்று வரும். கிளையில் உட்காராது, மதில் மேல் நடந்தே வந்து ஊப், ஊப் என்று அடித்தொண்டையில் கூப்பிடும். பங்குனியில் குயிலும் சேர்ந்துகொள்ளும். தூங்கி எழுந்ததும் மூளை தெளிய எல்லோருக்குமே கால் மணியிலிருந்து அரை மணி ஆகும். டிகாஷன் இறங்குவதற்கும் அதே நேரம்தான். வெளிச்சத்தில் நிற்பதற்கும் காரணம் உண்டு. மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் கண்ணில் விழும் காலை ஒளியை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், வெளியே மேகமூட்டமான காலையில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும்.

உங்களுக்கு வரிசை இப்படி வரட்டும்: மாத்திரை, தண்ணீர், வெளிச்சம், ஒரு மணி கழித்துக் காபி. மகளிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): ஐடி வேலை, விடிகாலை 3.30க்குத்தான் வண்டி வீட்டில் இறக்கிவிடும். 11 மணிக்கு எழுகிறேன். எனக்கு ஏது காலை?

11 மணிதான் உங்கள் காலை. அதற்குக் கூச்சப்பட வேண்டாம். அதே வரிசையை 11 மணிக்குச் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். விடிந்த பிறகு வீடு திரும்பும் நாளில் கண்ணில் வெயில் ஏறாமல் கறுப்புக் கண்ணாடி போட்டு வாருங்கள், அறைக்குக் கனமான திரை போடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் தூங்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். நான் இரவு வேலை முடித்துப் படுத்திருந்த நாட்களில் கதவைத் தட்டாத ஒரே ஆள் என் மாமியார். அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

கேள்வி (வேளச்சேரி, 33 வயது): எட்டு மாதக் குழந்தை. இரவில் மூன்று முறை எழுகிறேன். விடிவதற்குள் கோலம் போட்டே ஆக வேண்டும் என்கிறார் மாமியார். ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றால் வீட்டில் சண்டை. அழுகையாக வருகிறது அக்கா.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதும் முன்பே மற்ற வாசகர்கள் கருத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதையும் சேர்த்தே தருகிறேன்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா: "ஸ்டிக்கர் கோலம் கோலமே இல்லை. கோலம் எறும்புக்குப் போடும் சாப்பாடு. பிளாஸ்டிக்கை எறும்பு தின்னுமா?"

கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர்: "இப்போது யார் அரிசி மாவில் போடுகிறார்கள்? கடையில் விற்கும் கோலமாவு கல்லுப் பொடி. அதையும்தான் எறும்பு தின்னாது. எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நான்தான் கோலம் போடுகிறேன். ஆண் போட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை."

மயிலாப்பூர் அம்மா மறுபடி: "நீங்கள் போடுவது சந்தோஷம். ஆனால் ஒரு நாள் விட்டால் வாசல் மூளியாக இருக்கும், வீட்டில் துக்கம் என்று நினைப்பார்கள்."

ஆவடியிலிருந்து ஒருவர்: "பிளாட்டில் மூன்றாவது மாடி நடைபாதையில் யார் பார்த்து நினைக்கப் போகிறார்கள்?"

இப்படி முப்பதுக்கு மேல் வந்துவிட்டது. எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது.

மயிலாப்பூர் அம்மா சொன்னதில் உண்மை உண்டு. துக்க வீட்டில் கோலம் இருக்காது, திதி நாளில் காரியம் முடியும்வரை வாசல் வெறுமையாக இருக்கும். அப்படியானால் சம்பிரதாயமே போடாத நாட்களை உள்ளே வைத்துத்தான் கோலத்தை நடத்தி வந்திருக்கிறது. உடம்பு முடியாத நாளில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து நாலு இழை இழுத்துவிட்டுப் போவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஹிருதய கமலம் என்ற பெரிய கோலம் போட்ட கை, புதன்கிழமை நாலு புள்ளியில் முடித்துக்கொள்ளும். யாரும் குறை சொன்னதில்லை. கோலத்துக்குச் சின்ன வடிவம் என்று ஒன்று எப்போதுமே இருந்தது.

ஸ்டிக்கரில் எனக்கு மனம் ஒட்டவில்லை. காரணம் எறும்பு இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு வழுக்கி இறங்கும்போது மூச்சு தானாக மெதுவாகிறது. கோடு நடுங்கினால் மனசு எங்கேயோ இருக்கிறது என்று தெரிகிறது. சிக்குக் கோலத்தில் இழை சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும்போது ஒரு நிம்மதி வருகிறது. இதையெல்லாம் ஸ்டிக்கர் தராது.

ஆனால் தாயே, எட்டு மாதக் குழந்தையோடு இருக்கும் உங்களுக்கு இப்போது தேவை தூக்கம். கோடம்பாக்கத்துக்காரர் காட்டிய வழியைப் பிடியுங்கள். உங்கள் கணவர் பச்சரிசி மாவில் நாலு புள்ளி வைத்துச் சுற்றட்டும், மூன்று நிமிடக் காரியம். மாமியாரிடம் "நீங்கள் சொல்லிக்கொடுங்கள், அவர் போடட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை இரவு முழுக்கத் தூங்க ஆரம்பித்ததும் மாவைக் கையில் எடுங்கள்.

டைல்ஸ் தரையில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் ஈரத்தைத் துடைத்துவிட்டு மாவு போடுங்கள். ஈர டைல்ஸில் வழுக்கி மணிக்கட்டு உடைந்து வந்தவர்களுக்கு நிறையக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

கேள்வி (திருவொற்றியூர்): எத்தனை மணிக்கு எழுந்தால் நல்லது?

அம்பத்தூர் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): 16 வயது மகன், விடுமுறையில் 9 மணிவரை தூங்குகிறான். சோம்பேறி ஆகிவிடுவானோ?

அந்த வயதில் உடல் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், தூக்கமும் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை. திட்டி எழுப்பாதீர்கள். திரையை விலக்கிவிட்டு, தோசை வார்க்கிற சத்தம் கேட்கும்படி கதவைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை கனக்கிறது, பகலில் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. பலமாகக் குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறார். என்ன வரிசை பின்பற்ற?

எந்த வரிசையும் வேண்டாம், இந்த வாரமே தூக்கக் கோளாறு பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியைக் கவனிக்கச் சொல்லி, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (மடிப்பாக்கம்): 5 மணியா, 6 மணியா? ஒன்றைச் சொல்லுங்கள் மேடம்.

சொல்லமாட்டேன். இதே கேள்வி இன்னும் பதினாலு வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இதுதான் பதில்: நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்களோ, அதோடு ஏழு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): அம்மாவுக்கு 76 வயது. 5 மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கத் தானே எழுந்து ஓடுகிறார். போன மாதம் இரண்டு முறை தலை சுற்றி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பிரஷர் மாத்திரை போடுகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

பால் எடுப்பதை நிறுத்தாதீர்கள். அது அவருடைய காலை. எழுகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும். படுத்திருந்து சட்டென்று நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே காலுக்கு இறங்கிவிடும். இளவயதில் உடம்பு உடனே சமாளிக்கும், 76 வயதில் கொஞ்சம் தாமதமாகும். என் மாமனார் இப்படித்தான் காலிங்பெல் சத்தத்துக்குத் துள்ளி எழுந்து, இரண்டே எட்டில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அப்புறம் அவர் தனியாக நடக்கவே இல்லை. அதனால்தான் என் வரிசையில் முதல் காரியம் உட்காருவது.

பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்காரட்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டி, தண்ணீரைக் குடித்து, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நின்று பத்து எண்ணிய பிறகு நடக்கலாம். பால்காரர் பையை வாசலில் மாட்டிவிட்டுப் போகட்டும், மணி அடிக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரையைப் பற்றி அவரே முடிவு செய்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், அம்மா கட்டிலில் உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படுகிறதா என்று நாளைக் காலை பார்த்து எனக்கு எழுதுங்கள்.