பூர்வகுடி மக்கள் தாங்களே எடுத்த படங்களில் எதிலிருந்து தொடங்கலாம், எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே ஒரு படம் சொல்லச் சொன்னால் 'அத்தனார்ஜுவாத்' என்பேன். கனடாவின் வடகோடியில் கடல் உறைந்து கிடக்கும் இக்லூலிக்கில் வாழும் இனூயிட் மக்கள் எடுத்தது, 2001இல் வெளிவந்தது. முழுக்க இனுக்டிடுட் மொழியிலேயே எழுதி, இயக்கி, நடித்த முதல் முழுநீளப் படம் அதுதான். இயக்குநர் சக்கரியாஸ் குனுக்.

முதல் அரைமணி நேரம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, வந்தவர் விருந்தாளியா மந்திரவாதியா, ஒருவரை மட்டும் ஏன் இப்படிக் கேலி செய்கிறார்கள், எதற்கும் விளக்கம் கிடையாது. நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்காக எடுத்த படம் இது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். அந்த இடத்தை ஏற்றுக்கொண்டதும் படம் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் இதைத்தான்: படம் யாரிடம் பேசுகிறது?

இதே இனூயிட் மக்களைப் பற்றி 1922இல் ராபர்ட் ஃப்ளாஹெர்டி எடுத்த 'நானுக் ஆஃப் தி நார்த்' பெரும்புகழ் பெற்ற ஆவணப்படம். அதில் நானுக்காக வருபவரின் உண்மைப் பெயர் அல்லகாரியல்லாக். வேட்டைக்குத் துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் அவர்களை ஈட்டியோடு காட்டினார்கள். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று பனிவீட்டைப் பாதியாகத் திறந்துவைத்துப் படம் பிடித்தார்கள். வெளியூர்ப் பார்வையாளருக்கு எது வேண்டுமோ அதற்கேற்ப அவர்கள் வீடே வெட்டப்பட்டது.

இக்லூலிக் மக்கள் இதில் உஷாராகவே இருந்தார்கள். 1970களில் ஊருக்குத் தொலைக்காட்சி வேண்டுமா என்று இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள், ஏனென்றால் அதில் தங்கள் மொழியில் ஒரு நிகழ்ச்சிகூட இல்லை. குனுக் அந்த ஊர்க்காரர், மாக்கல்லில் சிற்பம் செதுக்குபவர். 1981இல் மாண்ட்ரியாலுக்குப் போய்ச் சிற்பங்களை விற்று, அந்தப் பணத்தில் ஒரு வீடியோ கேமரா வாங்கிக்கொண்டு திரும்பினார். பிறகு நண்பர்களோடு 'இசுமா' என்ற குழுவைத் தொடங்கினார்.

அத்தனார்ஜுவாத் கதையை முதியவர்கள் பலரும் தத்தம் பாணியில் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்து, அவற்றிலிருந்துதான் திரைக்கதையை எழுதினார்கள். தோலாடைகளை ஊர்ப் பெண்களே தைத்தார்கள். ஆனால் வாய்மொழிக் கதையில் பழிக்குப் பழியாகக் கொலையில் போய் நிற்கும் முடிவை மட்டும் படத்தில் மாற்றினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது. கதை அவர்களுடையது, அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதையும் அவர்கள்தானே முடிவுசெய்ய வேண்டும்?

அடுத்து 2018இல் வந்த 'கத்தியின் விளிம்பு' என்ற பொருளில் தலைப்பிட்ட ஹைடா மொழிப் படம். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா க்வாய் தீவுகளைச் சேர்ந்தது. இசுமா குழுவின் துணையும் அதற்கு இருந்தது. படம் எடுத்தபோது ஹைடாவைச் சரளமாகப் பேசுபவர்கள் சுமார் 20 பேர்தான், பெரும்பாலும் முதியவர்கள். நடித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் சொந்த மொழியே தெரியாது. இரண்டு வாரம் மொழி முகாம் நடத்தி, மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாகச் சொல்லித்தந்தார்கள். கதை என்று பார்த்தால் குற்ற உணர்வில் காட்டுக்குள் ஓடி உருமாறிப்போகும் ஒருவனைப் பற்றியது, நல்ல கதைதான். ஆனால் நான் படம் முழுக்க வாயசைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி பேசிய மொழியை ஒருவர் நடிப்பதற்காகக் கற்றுக்கொள்கிறார் என்றால், ஒவ்வொரு வசனமும் அவருக்கு எத்தனை கனமாக இருந்திருக்கும்!

மொழி எப்படிப் பறிபோகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஸ்வீடனின் 'சாமி பிளட்' (2016). அமண்டா கெர்னெல் இயக்கியது, அவருடைய தந்தை ஸ்வீடனின் வடபகுதிப் பூர்வகுடியான சாமி இனத்தவர். 1930களில் உறைவிடப் பள்ளியில் படிக்கும் சாமி இனச் சிறுமியின் தலையை இன ஆய்வு என்ற பெயரில் கருவி வைத்து அளக்கிறார்கள், உடைகளைக் களையச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அவள் பெயரை மாற்றிக்கொண்டு ஊரைவிட்டே போகிறாள். கிழவியாகித் தங்கையின் இறுதிச் சடங்குக்குத் திரும்பி வரும்போதும் தாய்மொழியில் பேச மறுக்கிறாள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆவணப்படம் பிடிக்குமென்றால் கனடாவின் அபெனாக்கி இனத்தைச் சேர்ந்த அலானிஸ் ஒபோம்சாவின் 1993இல் வெளியிட்ட 'கானெசதாகே'. மூதாதையரைப் புதைத்த நிலத்துக்குள் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கப் பார்த்ததை எதிர்த்து 1990இல் மோஹாக் பூர்வகுடி மக்கள் 78 நாள் நின்ற போராட்டத்தைப் பற்றியது. அவர் கேமராவோடு தடுப்பரண்களுக்கு உள்ளே, அந்த மக்களோடு இருந்தார்.

கேமரா எங்கே நிற்கிறது என்ற இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பியவர் நியூசிலாந்தின் மாவோரி இயக்குநர் பேரி பார்க்ளே. அவருடைய 'ஙாட்டி' (1987) ஒரு மாவோரி இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம். ('ஙப்போல் வளை'க்குப் பிறகு நான் ஙகரத்தில் தொடங்கி எழுதும் சொல் இதுதான், மாவோரி மொழியில் அந்த ஒலி தாராளமாக வருகிறது.) இதுவரை கேமரா, வெளியிலிருந்து வந்திறங்குபவர்களின் கப்பல் மேல்தளத்தில் இருந்தது, அதைக் கரையில் நிற்பவர்கள் கையில் கொடுத்தால் என்ன தெரியும் என்று கேட்டார் அவர். பூர்வகுடிகளின் சினிமாவுக்கு 'நான்காம் சினிமா' என்று பெயர் வைத்தவரும் அவரே.

சரி, இத்தனையும் ஒரே வாரத்தில் பார்க்காதீர்கள். அத்தனார்ஜுவாத் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும், ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்குங்கள். பெயர்கள் குழப்பினால் குழப்பட்டும், முகங்களைப் பாருங்கள். படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்ப்பட்டியல் ஓடும்போது, அதுவரை தோலாடையில் பனிமேல் ஓடியவர்கள் இன்றைய உடையில் நிற்பார்கள், பக்கத்தில் படக்குழுவும் கேமராவும் இருக்கும்.