சராசரி விலைவாசி யார் வீட்டு விலைவாசி? சேலத்து வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (இல்லத்தரசி, அம்மாப்பேட்டை): ஐயா, 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் மளிகைச் செலவு குறையவே இல்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம் அம்மா. அந்த 0.25 என்பது, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும்போது விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 2024 அக்டோபரில் அதே எண் 6.21 ஆக இருந்தது; காய்கறி மட்டும் ஓராண்டில் 42 சதவீதம் ஏறியிருந்தது. அந்த உயரத்தோடு ஒப்பிட்டதால்தான் அடுத்த ஆண்டின் எண் இவ்வளவு சிறியதாகத் தெரிந்தது. காய்கறியும் பருப்பும் உண்மையாகவே இறங்கின. சமையல் எண்ணெய் இறங்கவில்லை. மற்றவற்றில் பல, ஏறிய இடத்திலேயே நின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த எண் நாட்டின் எல்லா வீடுகளுக்குமான சராசரி. அதைக் கணக்கிட்ட, 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்குக் கொடுத்த பங்கு ஏறத்தாழ 46 சதவீதம். கிராமத்துக்குத் தனியாகப் பார்த்தால் 54, நகரத்துக்கு 36. உங்கள் வீட்டில் அந்தப் பங்கு என்ன என்பதைப் பொறுத்தே உங்கள் பணவீக்கம் அமையும். மாதம் 20,000 ரூபாய் செலவு செய்து, அதில் 10,000 ரூபாயை உணவுக்குக் கொடுக்கும் ஒரு வீட்டையும், 80,000 செலவு செய்து 20,000 ரூபாயை உணவுக்குக் கொடுக்கும் இன்னொரு வீட்டையும் எடுத்துக்கொள்வோம். உணவு விலை மட்டும் பத்து சதவீதம் ஏறினால், முதல் வீட்டின் மொத்தச் செலவு 5 சதவீதமும் இரண்டாவது வீட்டின் செலவு 2.5 சதவீதமும் கூடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: வசதியான வீடு விலை ஏறினால் உயர்ந்த ரகத்தை விட்டுச் சாதாரண ரகத்துக்கு இறங்கிச் சமாளிக்கும், ஏற்கெனவே மலிவான ரகத்தையே வாங்கும் வீட்டுக்கு இறங்க இடமில்லை. அது அளவைத்தான் குறைக்கும், பெரும்பாலும் முதலில் குறைவது அந்த வீட்டுப் பெண்ணின் தட்டில்.

கேள்வி (விசைத்தறித் தொழிலாளி, இளம்பிள்ளை): ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அப்படியிருந்தும் மாதக் கடைசியில் கடன் வாங்கும்படி ஆகிறதே?

பதில்: விலையில்லா அரிசி பெரிய அரண்தான், பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதும் அப்படியே. அந்த அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர் இதே தெருவில் வாடகைக்கு இருந்தால், அவருக்கு விலையேற்றம் உங்களைவிடக் கடுமையாக உறைக்கும். ஆனால் அரண் அரிசியோடும், அட்டைக்கு அளவிட்டுத் தரும் பருப்பு, எண்ணெயோடும் நின்றுவிடுகிறது. காய்கறி, பால், மருந்து, பள்ளிக் கட்டணம் எல்லாம் வெளியே இருக்கின்றன.

உங்கள் சிக்கலின் வேர் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால், அடுத்த பேச்சுவார்த்தை வரை அது அசையாது. கடைவிலையோ வாராவாரம் அசையும். நூல் விலை ஏறும் காலத்தில் நிலைமை இன்னும் மோசம்: பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) கொடுத்து நெய்து வாங்குபவர் தம் செலவு கூடிவிட்டது என்று கூலி உயர்வைத் தள்ளிப்போடுவதோடு, பாவையே குறைத்துக் கொடுப்பார். அப்போது விலையும் ஏறுகிறது, வேலை நாளும் குறைகிறது. மகளிர் உரிமைத் தொகையும் 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறுவதாக வைத்துக்கொண்டால், மாறாத 1,000 ரூபாயின் வாங்கும் சக்தி இரண்டே ஆண்டில் 907 ரூபாய்க்கு வந்துவிடும்.

கேள்வி (தனியார் ஆலையில் ஓய்வு பெற்றவர், சூரமங்கலம்): பக்கத்து வீட்டுக்காரர் அரசு ஓய்வூதியர். விலைவாசியைப் பற்றி அவர் கவலைப்படுவதே இல்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: அவருக்கு விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படி உண்டு, உங்களுக்கு இல்லை. மத்திய அரசு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி, ஜூலை முதல் நடைமுறைக்கு வரும்படி, தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலையை அளக்கும் குறியீட்டைப் பார்த்து அதைத் திருத்துகிறது. அந்தக் குறியீட்டுக்கு விலை சேகரிக்கும் மையங்களில் சேலமும் ஒன்று என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்: நம் கடைகளில் கேட்டு எழுதிய விலையால் அவர் ஓய்வூதியம் உயர்கிறது, அதே கடையில் வாங்கும் உங்களுடையது உயர்வதில்லை. உங்களைப் போன்ற தனியார் ஊழியருக்கு 1995 திட்டத்தின் கீழ் வரும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியத்துக்கு விலைவாசியோடு தொடர்பே கிடையாது. 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றத்தில் பத்தாண்டு கழித்து அது வாங்குவது, தொடக்கத்தில் 614 ரூபாய் வாங்கியதைத்தான். முதுமையில் மருந்துச் செலவு தனியாகக் கூடுவதையும் சேர்த்தால், உங்கள் கவலை நியாயமானதே.

கேள்வி (வீட்டுக்கடன் வாங்கியவர், அஸ்தம்பட்டி): விலைவாசி ஏறினால் கடன் வாங்கியவருக்கு லாபம் என்கிறார்களே?

பதில்: வட்டி மாறாத கடனும் உயரும் சம்பளமும் சேர்ந்தால் மட்டும்; அப்போது தவணை அப்படியே நிற்க, சம்பளத்தில் அதன் பங்கு குறையும். பணவீக்கத்தை அடக்க ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது, அதோடு சேர்ந்து மாறும் மிதக்கும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் தவணை ஆண்டுகள் நீண்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (சிறு காபித் தோட்டக்காரர், ஏற்காடு): காபி விலை ஏறினால் எங்களுக்கு நல்லதுதானே? விலையேற்றம் எல்லோருக்கும் கெடுதல் என்பது சரியா?

பதில்: சரியன்று. விற்பவர் வீட்டில் விலையேற்றம் வருமானமாக நுழைகிறது. ஆனால் நீங்கள் விற்பது ஆண்டுக்கு ஒரு பருவம். வாங்குவது பன்னிரண்டு மாதமும். அரிசியும் எண்ணெயும் உரமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருவதால், டீசல் விலை உங்கள் ஒவ்வொரு பொருளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆகவே காபியில் கிடைத்த கூடுதலிலிருந்து, ஆண்டு முழுவதும் நீங்கள் வாங்கியவற்றுக்கான கூடுதல் செலவைக் கழித்துப் பாருங்கள், மிஞ்சினால்தான் ஆதாயம். உங்கள் தோட்டத்தில் பழம் பறிக்க வருபவரின் வீட்டில் இந்தக் கழித்தலுக்கே வழியில்லை. அவருக்குக் காபி விலை ஏறுவதால் கூலி தானாக ஏறுவதில்லை. நீங்கள் ஏற்றிக் கொடுத்தால்தான் உண்டு.