கழுத்து இழுப்புக்கு மூளையில் அல்ட்ராசவுண்டா? கேட்டவர்களுக்குப் பதில்

நரம்பியல் பிரிவில் பல வருடமாக அல்ட்ராசவுண்ட் பார்க்கிறவன் நான். கழுத்து டிஸ்டோனியா, அதாவது தசை தானாக இறுகிக் கழுத்தை ஒரு பக்கம் இழுக்கும் நோய் பற்றி வந்த கேள்விகளை இங்கே மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்.

சார், என் அக்காவுக்கு இரண்டு வருடமாகக் கழுத்து தானாக இடது பக்கம் திரும்புகிறது, வலி வேறு. சுளுக்கு எடுத்தாச்சு, காலர் போட்டாச்சு, எம்ஆர்ஐ நார்மல். இப்போது ஒருவர் மூளைக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார். மண்டை ஓட்டைத் தாண்டி அது போகுமா?

போகும். காதுக்கு முன்னால், பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லிசு. அந்த வழியாக 2 முதல் 3 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால் மூளையின் ஆழத்தில் இருப்பதைப் பார்க்கலாம். எல்லோரிடமும் இப்படிப் பார்க்க முடியாது, வயதான பெண்களில் பலருக்கு எலும்பு தடித்துப்போய் ஜன்னல் மூடிய மாதிரி இருக்கும்.

1995-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் கேயார்க் பெக்கரும் உடனிருந்தவர்களும் பார்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில் ஒரு பகுதி வெள்ளையாகத் தெரிவதைச் சொன்னார்கள். அடுத்த வருடமே அதே ஊர்க் குழு டிஸ்டோனியா உள்ளவர்களைப் பார்த்தது. சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மூளையின் ஆழத்தில் உள்ள லென்டிஃபார்ம் நியூக்ளியஸ் என்ற இடம் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. எம்ஆர்ஐயில் அது தெரியவில்லை. எம்ஆர்ஐ முக்கியமாகத் தண்ணீரின் சமிக்ஞையைப் படிக்கிறது, அல்ட்ராசவுண்ட் அலை எங்கே மோதித் திரும்புகிறது என்பதைப் படிக்கிறது, அதனால் ஒன்றில் நார்மலாக இருப்பது இன்னொன்றில் வேறு மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை. இறந்த சில டிஸ்டோனியா நோயாளிகளின் மூளையைச் சோதித்தபோது அந்த இடத்தில் செம்பு கூடியிருந்தது, வெள்ளைக்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்று அதே குழு சொன்னது.

ஆனால் அக்காவுக்கு டிஸ்டோனியாவா என்று முடிவு சொல்லப்போவது ஸ்கேன் இல்லை, கழுத்தைப் பார்த்து, தொட்டு, திருப்பிப் பார்க்கும் நியூராலஜிஸ்ட்தான்.

அப்படியானால் வலி அதிகமானால் அந்த வெள்ளையும் பெரிதாகுமா அண்ணா?

அப்படிக் கணக்குப் போட முடியாது. வெள்ளை என்பது வலியை அளக்கும் தெர்மாமீட்டர் இல்லை, எந்த நோயும் இல்லாதவர்களில் சிலருக்கும் அது தெரிகிறது. நாள் முழுக்க ஒரே தசை இழுத்துக்கொண்டே இருந்தால் வலிக்கும்தானே? அது ஒரு காரணம், மூளை வலியைக் கையாளும் விதம் இன்னொன்று. கை டிஸ்டோனியா, கண் டிஸ்டோனியாவை விட கழுத்து டிஸ்டோனியாவில்தான் வலி பெரிய தொல்லை.

அப்புறம், நடுமூளையின் நடுக்கோட்டில் ராஃபே என்று ஒரு கோடு தெரியும். மனச்சோர்வு உள்ளவர்களில் நிறைய பேருக்கு அது மங்கலாக இருக்கும். அது மங்கலாகத் தெரிந்தால் நான் தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று கேட்பேன். கேட்பதற்கு ஸ்கேன் தேவையில்லை என்பது வேறு விஷயம்!

ஐந்து வருடமாகக் கழுத்து வலி, கம்ப்யூட்டர் வேலை. கழுத்து எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நானும் எடுக்கலாமா?

வேண்டாம், காசுக்குக் கேடு. தலை தானாகத் திரும்புவது, விட்டுவிட்டு ஆடுவது, ஒரு பக்கத் தசை மட்டும் புடைத்திருப்பது, தாடையில் விரல் வைத்தால் கழுத்து நேராவது, இதெல்லாம் இருந்தால்தான் டிஸ்டோனியாவை யோசிக்க வேண்டும். கை பலவீனம், நடை தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை வந்தால் கதையே வேறு, தள்ளிப்போடாமல் போங்கள்.

மகனுக்கு 19 வயது. கழுத்து இழுக்கிறது, பேச்சும் குழறுகிறது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் வெள்ளை என்றார்கள்.

இதை மட்டும் இந்த வாரமே பாருங்கள் அம்மா. வில்சன் நோயிலும் உடம்பில் செம்பு சேரும், அதே இடம் வெள்ளையாகும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற செம்பைச் சுமக்கும் புரதம், 24 மணி நேர சிறுநீரில் செம்பு, கண் டாக்டரிடம் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற பரிசோதனை, இந்த மூன்றையும் கேளுங்கள். மருந்து இருக்கிற நோய் இது. சீக்கிரம் ஆரம்பித்தால் நல்ல பலன், தாமதமானால் கல்லீரலும் மூளையும் கெடும். வில்சன் என்று உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் சோதிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

மாத்திரையால் கழுத்து இழுக்குமா?

இழுக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனநலத்துக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்றவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

போடாக்ஸ் போட்டால் அந்த வெள்ளை மறைந்துவிடுமா?

மறையாது. போடாக்ஸ் என்பது தசையைத் தளர்த்தும் ஊசி, அது வேலை செய்வது நரம்பும் தசையும் சேரும் இடத்தில். சில நாளில் இளக ஆரம்பித்து, சுமார் மூன்று மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். என்னைக் கேட்டால் உங்களுக்கு அல்ட்ராசவுண்ட் அதிகம் உதவுவது தலையில் இல்லை, கழுத்தில்தான். ஆழத்தில் இருக்கும் தசைக்கு ஊசி சரியாகப் போகிறதா, பக்கத்து ரத்தக்குழாய் எங்கே என்று நேராகப் பார்த்துக்கொண்டே போடலாம். மருந்து முன்பக்கம் பரவினால் சில வாரம் விழுங்கச் சிரமம் வரலாம், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், பழைய எம்ஆர்ஐயையும் எடுத்துப் போங்கள். அதைவிட முக்கியம், செல்போனில் ஒரு நிமிட வீடியோ: உட்கார்ந்து, நடந்து, தாடையில் விரல் வைத்து. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கழுத்து சமர்த்தாக நேராகிவிடும், நான் நிறைய பார்த்திருக்கிறேன்.