வைப்பரும் முன்கண்ணாடியும்: பட்டர்வொர்த் அண்ணனிடம் கேளுங்கள்

இருபது வருடமாகக் காடிக் கண்ணாடி மாற்றும் வேலை எனக்கு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அண்ணே, புது வைப்பர் போட்டு ஒரு வாரம்தான். அதற்குள் அரைவட்டமாகக் கோடு விழுந்துவிட்டது. மட்டமான ரப்பரா?

நல்ல ரப்பர் கண்ணாடியைக் கீறாது தம்பி. அதன் அடியில் மாட்டிக்கொண்ட மணல்தான் கீறும். லாரி ஓடுகிற ரோட்டில் தூசி படிந்திருக்கும், நாலு தூறல் விழுந்ததும் நீங்கள் வைப்பரைத் தட்டுவீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி அந்த மணல் கண்ணாடி முழுக்க இழுபடும். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடாதீர்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சி, அப்புறம் போடுங்கள். வாரம் ஒரு தடவை ரப்பர் ஓரத்தை ஈரத்துணியால் துடையுங்கள், துணி எவ்வளவு கறுப்பாகிறது என்று நீங்களே பாருங்கள். விழுந்த கோட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அது ஆழம். பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி அலை அலையாகி, இரவில் எதிர்க் காடியின் விளக்கு சிதறித் தெரியும். நகம் தட்டாத மங்கலுக்கு மட்டும் சீரியம் ஆக்ஸைடு என்கிற கண்ணாடி பாலிஷ் பொடி போட்டுத் தேய்க்கலாம், அதையும் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பற்பசை போட்டுத் தேய்த்தால் போகுமா?

போகாது அக்கா.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

நம் வெயிலுக்கு ஆறு மாதத்தில் தொட்டுப் பாருங்கள், ஒரு வருடம் தாண்ட விடாதீர்கள். ரப்பர் இறுகி முனை கிழிந்தால் உள்ளிருக்கும் இரும்பு வெளியே வரும். அது பட்டால் ஒரே மழையில் கண்ணாடி போய்விடும்.

கேள்வி (பிறை): வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைப்பது நல்லதுதானே?

வேண்டாம். ரப்பர் சுடுகண்ணாடியில் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் யாராவது இடித்து வைப்பரின் இரும்புக் கை கண்ணாடி மேல் விழுந்தால்?

பிறை நண்பர் மறுபடியும்: பதினைந்து வருடமாகத் தூக்கி வைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஸ்பிரிங் தளரும் என்பதெல்லாம் கதை.

ஸ்பிரிங்கைப் பற்றி நான் பேசவே இல்லை பாஸ். குளிர் நாட்டில் பனியில் ஒட்டிக்கொள்ளும் என்று தூக்கி வைப்பார்கள், அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. பிளேடு மாட்டியிருந்தால் விழும் அடியை ரப்பர் கொஞ்சம் தாங்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிளேடைக் கழற்றிய பிறகு வெறும் இரும்புக் கொக்கிதான் மிச்சம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது என் கையிலிருந்து நழுவியது, பட்ட இடத்திலிருந்து ஓரம் வரை விரிசல் ஓடியது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அதனால் சிதறவில்லை, ஆனாலும் முழுசாக மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பிளேடு மாற்றும்போதெல்லாம் கண்ணாடி மேல் தடித்த துண்டை மடித்து விரிக்கிறேன். நீங்களும் விரியுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): வைப்பர் தடதடவென்று குதிக்கிறது.

கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்கும், நன்றாகக் கழுவுங்கள். அப்படியும் குதித்தால் கை வளைந்திருக்கும், வர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): புகைமூட்டத்தில் சாம்பல் படிகிறது, வைப்பர் போட்டுத் தள்ளிவிடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. தண்ணீர் முதலில்.