கடலலையில் நனைத்து எடுக்கும் சயனோடைப் படம் வெறும் அதிர்ஷ்டம்தானா?

இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளை வெயிலில் காட்டிக் கழுவ, கமரா இல்லாமலே நீலமாக வருவதுதான் சயனோடைப் படம். திருகோணமலை உப்புவெளியில் மூன்று தடவை முயன்றும் மங்கல் நீலம்தான் வந்தது, இது லொத்தர் எடுப்பது மாதிரித்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மங்கலுக்கும் அலைக்கும் சம்பந்தம் குறைவு. கொப்பிக் கடையில் வாங்கிய தாளில் பூசி, கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த நீலத்துக்குக் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, ஆகாது. 'அசிட் ஃப்ரீ' என்று பெருமையாகப் போட்டிருக்கும் பல தாள்களில் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும். அது நீலத்தை உள்ளிருந்தே தின்னும். கடல்நீரும் மெல்லிய காரம்தான். எனவே சதுர மீற்றருக்கு 300 கிராம் வாட்டர்கலர் தாளில் முதலில் ஒரு துண்டு பூசி, வெயில் காட்டி, கழுவிப் பாருங்கள். நீலம் நிற்காவிட்டால் அந்தத் தாளை விட்டுவிடுங்கள்.

கரைசல் பழைய கணக்குத்தான்: பச்சை நிற பெரிக் அமோனியம் சிற்றேற்று 25 கிராம் 100 மில்லிலீற்றரில், பொற்றாசியம் பெரிசயனைட்டு 10 கிராம் இன்னொரு 100 மில்லிலீற்றரில். பூசும் நேரத்தில் மட்டும் சம அளவில் கலக்க வேண்டும். ஏ4 தாளுக்கு இரண்டிலும் இரண்டு மில்லிலீற்றர் தாராளம். முதல் போத்தலில் பூஞ்சணம் பிடிக்கும், வடித்துவிட்டுப் பாவிக்கலாம். இருட்டில் நன்றாகக் காய வேண்டும். நம்மூர் மாரிகாலப் புழுக்கத்தில் முதல்நாள் பூசி வைத்த தாள் விடியும்போது பச்சைபிடித்துப் போயிருக்கும், ஆகவே பூசிய அன்றே பாவியுங்கள்.

பெரும்பாலானோர் பிழை விடுவது இனித்தான். பூசிய தாளை நேரே அலைக்குள் வைத்தால் மருந்து கரைந்து ஓடிவிடும், வெளிறிய படம்தான் மிஞ்சும். முதலில் காய்ந்த நிலையிலேயே மூன்று நாலு நிமிடம் வெயில் காட்டுங்கள். மஞ்சள்பச்சை கறுத்துச் சாம்பலாகத் திரும்பும். பிறகு பிளாஸ்டிக் பலகையில் நாலு மூலையும் கிளிப் போட்டு, அலை ஏறி வடியும் இடத்தில் மெல்லச் சரித்துப் பிடியுங்கள். சரிவு கூடினால் நீர் ஒரே வழுக்கில் போய்விடும். தட்டையாக வைத்தால் குளம் கட்டிக் கறை விழும். திரும்பும் அலை ஒரு கரண்டி மணலை விசிறி மாதிரி இழுத்துவிட்டுப் போகும். மணல் கனமாகக் கிடந்த இடத்தில் வெயில் படாது, கழுவியபின் அது வெளிர்கோடாகத் தெரியும். இரண்டு அல்லது மூன்று அலை போதும். அப்படியே பலகையை வெயிலில் வைத்து இன்னும் ஐந்து நிமிடம் காட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். முதல் அலசலுக்கு லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி வினாகிரி. மஞ்சள் கழிவு நின்றதும் நிறுத்துங்கள்.

அப்போ தற்செயல் எங்கே? மணல் எங்கே தங்கும் என்பது கடலின் பாடு. முன்வெயில், சரிவு, அலை எண்ணிக்கை, எடுக்கும் நொடி நான்கும் உங்கள் கையில். நான்கையும் குறித்து வையுங்கள், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதை இயந்திரத்தனம் என்று சிரிப்பவர்கள் பத்துத் தாளை வீணாக்கிவிட்டு வரட்டும். அமெரிக்கக் கலைஞர் மேகன் ரீபன்ஹாஃப் அலைகளில் இப்படி நிறையச் செய்திருக்கிறார். சில படங்களை முழுதாகக் கழுவாமல் விட்டு, தொங்கும்போதும் மாற இடம் கொடுக்கிறார். அது கடலின் தீர்மானமல்ல, அவருடையது. 1843இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் அனா அட்கின்ஸ் இதே முறையில் கடற்பாசியை அசையாமல் அழுத்திப் பதித்தபோது எதிர்த்திசையில் அதே தீர்மானம் இருந்தது.

சூழல் பற்றிக் குறை சொல்ல வருவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. புறாத்தீவுப் பவளப்பாறைப் பக்கம் போக வேண்டாம். மருந்தை மெல்லிதாகப் பூசுங்கள், அலசிய தண்ணீரையாவது வாளியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

பெரிசயனைட்டு கேட்டால் கடைக்காரர் 'சயனைட்டா!' என்று ஏற இறங்கப் பார்ப்பார். அதில் சயனைட்டு இரும்போடு இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. கடும் அமிலத்தோடு சேர்க்காமலும் சூடாக்காமலும் இருந்தால் சரி. அதைவிட எரிச்சல், போட்டிப் படிவங்களில் வரும் 'கமராவின் மாதிரி?' என்ற கட்டம். கமராவே இல்லாத படத்துக்கு அதில் என்னத்தை எழுதுவது? நான் 'தாள்' என்று எழுதுவேன்.

நாலைந்து மாதம் வெயிலில் தொங்கி வெளிறினால் பயப்பட வேண்டாம், இருட்டறையில் சில நாள் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பும்.